அக்காவிடம் கேளுங்கள்: 24 கணினிக்கும் ஒரே பெயர்ப் பட்டியல்

போன மாதம் சர்வர் பற்றி இரண்டு வரி எழுதப்போக, அதையே பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் பிரிண்டர், வைஃபை கேள்விகளெல்லாம் அடுத்த இதழுக்கு. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

கேள்வி: எங்கள் மேல்நிலைப் பள்ளி பாலக்கோடு பக்கம். ஆய்வகத்தில் 24 உபுண்டு கணினிகள், 160 மாணவர்கள். எல்லாரும் ‘ஸ்டூடண்ட்’ என்ற ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் நுழைகிறார்கள். ஒருவன் எழுதிய புரோகிராமை இன்னொருவன் அழித்துவிடுகிறான். கேட்டால் யாரும் செய்யவில்லை. ஒவ்வொரு கணினியிலும் 160 பெயரைச் சேர்க்க ஆரம்பித்தேன், நாலாவது கணினியோடு கை ஓய்ந்துவிட்டது. பழைய டெஸ்க்டாப் ஒன்றில் அல்மா லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். டைரக்டரி சர்வர் என்கிறார்களே, அதை நானே நிறுவ முடியுமா அக்கா?

பதில்: முடியும் டீச்சர். 24 கணினி, 160 பெயர் என்றால் 3,840 முறை ஒரே வேலை. அடுத்த ஜூனில் பிளஸ் டூ போய் புது பிளஸ் ஒன் வந்ததும் மறுபடி முதலிலிருந்து. நாலாவதில் நிறுத்தியது நல்லதுதான்.

பள்ளி அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடு ஒன்றுதானே இருக்கிறது? ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் ஒரு நகல் தொங்கவிடுவதில்லை. சந்தேகம் வந்தால் அலுவலகத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்கிறோம். டைரக்டரி சர்வர் அந்தப் பதிவேடு. 24 கணினிகளும் அதனிடம் ஆள் அனுப்பி, ‘இந்தப் பெயரில் பிள்ளை உண்டா, கடவுச்சொல் சரியா’ என்று கேட்கும். அப்படிக் கேட்கிற மொழிக்கு எல்டேப் என்று பெயர். பாடநூலில் ‘அடைவுச் சேவையகம்’ என்று இருக்கலாம். நான் இதுவரை யார் வாயிலும் கேட்டதில்லை.

உங்களிடம் அல்மா இருப்பதால் 389 டைரக்டரி சர்வர் போடுங்கள். ‘389-டிஎஸ்-பேஸ்’ என்ற பொதியை டிஎன்எஃப் கட்டளையில் இறக்கினால் வந்துவிடும். நிறுவுகிற வேலை அரை மணி நேரம். ஆனால் அந்த அரை மணி நேரத்துக்கு முன்னால் ஒரு முழு நாள், கணினியைத் தொடாமல், பேப்பரும் பேனாவுமாக உட்காருங்கள். இந்த வேலையில் நான் பார்த்த தகராறில் முக்கால்வாசி பெயரில்தான் வந்தது.

கையில் இருக்கும் பட்டியலைப் பாருங்கள். கார்த்திக் எத்தனை பேர்? என் கணக்கில் ஒரு வகுப்புக்கு மூன்று பேர் நிச்சயம். பிரியாவும் அப்படித்தான். அதனால் நுழைவுப் பெயராகப் பிள்ளைகளின் பெயரை வைக்காதீர்கள். சேர்க்கை எண்ணை வையுங்கள். அது இரண்டு பேருக்கு ஒன்றாக வராது. வெறும் எண்ணாக மட்டும் வேண்டாம், லினக்ஸ் சில இடங்களில் அதைப் பயனர் எண் என்று எடுத்துக்கொண்டு குழம்பும். முன்னால் எஸ் என்ற ஓர் எழுத்தைச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது குடும்பப் பெயர். இணையத்தில் கிடைக்கிற பழைய குறிப்புகளைப் பார்த்து எல்டிஃப் கோப்பு (டைரக்டரிப் பதிவுகளை வரிவரியாக எழுதும் கோப்பு) எழுதினீர்கள் என்றால் ‘எஸ்என்’ இல்லை, ஏற்கமாட்டேன், பிழை 65 என்று வரும். எஸ்என் என்றால் சர்நேம். அந்தக் காலத்தில் ஆள் என்றால் குடும்பப் பெயர் இருந்தே தீரும் என்று முடிவு செய்து, ‘பெர்சன்’ என்ற வகையில் அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு இருப்பது இனிஷியல். முதல் தடவை நானும் அந்த இடத்தில் ஊர்ப் பெயரைப் போட்டேன். ஒரு வகுப்பே ‘பென்னாகரம்’ குடும்பத்தாராகிவிட்டது. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 389-உடன் வருகிற ‘டிஎஸ்ஐடிஎம்’ கருவியில் ஆள் சேர்த்தால் ‘என்எஸ்பெர்சன்’ என்ற வேறு வகையில் பதியும். அதற்கு முழுப்பெயரும் காட்டும் பெயரும் போதும், எஸ்என் கேட்காது. காட்டும் பெயரைத் தமிழிலேயே கொடுக்கலாம். பிறகு எல்டேப்சர்ச் செய்து பார்க்கும்போது அது இரட்டை முக்காற்புள்ளியும் புரியாத ஆங்கில எழுத்துமாகத் தெரியும். கெட்டுப்போய்விட்டது என்று அழித்துவிடாதீர்கள். அது பேஸ்64 என்ற மாற்று எழுத்துமுறை, உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கும்.

மூன்றாவது, பயனர் எண். கோப்பு யாருடையது என்பதை லினக்ஸ் பெயரை வைத்துப் பார்ப்பதில்லை, எண்ணை வைத்துப் பார்க்கிறது. உங்கள் 24 கணினிகளிலும் ‘ஸ்டூடண்ட்’ 1000 என்ற எண்ணில் உட்கார்ந்திருப்பான். டைரக்டரியில் 10000-லிருந்து ஆரம்பியுங்கள், மோதாது. படித்து முடித்துப் போன பிள்ளையின் எண்ணைப் புதுப் பிள்ளைக்குத் தராதீர்கள். பழைய கோப்பு எங்காவது கிடந்தால் அது புதுப் பிள்ளைக்குச் சொந்தமாகிவிடும்.

பெற்றோர் செல் எண், ஆதார் எண் எதையும் இதில் ஏற்றாதீர்கள். தலைமையாசிரியர் ‘எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டுமே’ என்பார். சரி சார் என்று சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

சரி, இப்போது சர்வர். அதற்கு மாறாத ஐபி முகவரி கொடுங்கள், புள்ளி வைத்த முழுப்பெயரும் கொடுங்கள். ‘சர்வர்.லேப்.இன்டர்னல்’ போதும். கடைசியில் ‘லோக்கல்’ என்று வைக்க ஆசை வரும், வேண்டாம். ஒரே வலையில் பிரிண்டர் முதலியவை ஒன்றையொன்று தேடிக்கொள்ளும் முறைக்கு அந்த வால் ஒதுக்கப்பட்டது, உபுண்டு அதைப் போய் வேறு எங்கோ தேடும். ‘இன்டர்னல்’ 2024-ல்தான் இப்படி உள் வலைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. இந்தப் பெயரையும் ஐபியையும் 24 கணினிகளின் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பிலும் ஒரு வரியாக எழுதுங்கள்.

பிறகு ‘டிஎஸ்கிரியேட் இன்டராக்டிவ்’ என்று அடித்தால் அது கேள்வி கேட்க ஆரம்பிக்கும். சதுர அடைப்புக்குள் இருப்பது அது நினைக்கும் பதில், என்டர் தட்டினால் அதையே எடுத்துக்கொள்ளும். போர்ட் (சர்வர் கேள்விகளை வாங்கும் வாசல் எண்) 389, பாதுகாப்பான போர்ட் 636, சான்றிதழ் தானே உருவாக்கட்டுமா, எல்லாவற்றுக்கும் என்டர் போதும். ‘டைரக்டரி மேனேஜர்’ கடவுச்சொல்லை மட்டும் ஒரு தாளில் எழுதி பீரோவில் பூட்டுங்கள். மாதிரிப் பதிவுகள் உருவாக்கட்டுமா என்ற கேள்விக்கு அது ‘நோ’ என்று நினைத்துக்கொண்டிருக்கும். நீங்கள் ‘யெஸ்’ என்று அடியுங்கள். அப்போதுதான் ‘பீப்பிள்’, ‘குரூப்ஸ்’ என்ற கிளைகளும், யார் எதைப் படிக்கலாம் என்ற விதிகளும் தயாராகும். இல்லாவிட்டால் முதல் ஆளைச் சேர்க்கும்போதே ‘அப்படி ஒன்று இல்லை, பிழை 32’ என்று நிற்கும். உடன் வருகிற டெமோ பயனரைப் பிறகு நீக்கிவிடலாம். கடைசிக் கேள்வி, நிறுவத் தயாரா? அதற்கும் அது வைத்திருக்கிற பதில் ‘நோ’. வரிசையாக என்டர் தட்டிக்கொண்டே வந்த வேகத்தில் அதையும் தட்டினால் எல்லாம் கலைந்துவிடும். நான் இரண்டு முறை தட்டியிருக்கிறேன். இரண்டாவது முறை பக்கத்தில் ஒரு மாணவி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபயர்வாலில் எல்டேப், அதன் பாதுகாப்பான வடிவமான எல்டேப்ஸ் இரண்டையும் நிரந்தரமாகத் திறங்கள். முதலில் ஒரே ஒரு பிள்ளையைச் சேர்த்து, கடவுச்சொல் வைத்து, ஒரே ஒரு கணினியில் முயலுங்கள். மற்ற 159 பேருக்கு எக்செல் தாளில் ஒரு பத்தியில் சேர்க்கை எண், அடுத்ததில் பெயர், அதற்கடுத்ததில் இரண்டையும் ஒட்டி முழுக் கட்டளையையும் உருவாக்கும் சூத்திரம். அந்தப் பத்தியை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

மாணவர் கணினிகளில் எஸ்எஸ்எஸ்டி என்ற பொதி வேண்டும், சர்வரிடம் ஆள் அனுப்பிக் கேட்பது அதுதான். அதன் அமைப்புக் கோப்பை மனப்பாடமாக எழுத வேண்டியதில்லை. சர்வரில் டிஎஸ்ஐடிஎம்-மிடம் ‘கிளையன்ட்_கான்ஃபிக்’ கேட்டால் உங்கள் சர்வருக்கேற்ற மாதிரியை அதுவே எழுதிக் காட்டும். அதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். கோப்பின் அனுமதி 600 ஆக, ரூட் என்ற தலைமை நிர்வாகிக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எஸ்எஸ்எஸ்டி எழுந்திருக்கவே செய்யாது. சர்வர் முகவரி எல்டேப்ஸ் என்று தொடங்க வேண்டும். குறியாக்கம் இல்லாத கம்பியில் கடவுச்சொல்லை அனுப்ப எஸ்எஸ்எஸ்டி மறுத்துவிடும், அது நல்ல குணம். சர்வரின் சிஏ சான்றிதழை (இது அசல் சர்வர்தான் என்று மற்ற கணினிகள் நம்ப உதவும் கோப்பு) பென்டிரைவில் எடுத்து ஒவ்வொரு கணினியிலும் வைக்க வேண்டியிருக்கும். கடைசியாக ‘பிஏஎம்-ஆத்-அப்டேட்’ ஓட்டி, வீட்டு அடைவை (அந்தப் பிள்ளையின் கோப்புகள் இருக்கும் இடத்தை) உருவாக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். மறந்தால், பிள்ளை சரியான கடவுச்சொல் அடித்தும் திரை ஒரு முறை மின்னி, மறுபடி நுழைவுப் பக்கத்துக்கே வந்து நிற்கும்.

டிஎஸ்கிரியேட் தானாகத் தரும் சான்றிதழ் 24 மாதம்தான் செல்லும். சர்வர் மேசைக்கு மேலே தொங்கும் நாள்காட்டியில் இன்றே குறித்துவிடுங்கள்.

கேள்வி: ஓசூரில் ஒரு சின்ன பட்டறையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன் அக்கா. எல்லாம் செய்துவிட்டேன், ‘கெட்என்ட் பாஸ்டபிள்யூடி’ கட்டளை கொடுத்தால் பழைய உள்ளூர்ப் பெயர்கள் மட்டும்தான் வருகின்றன. டைரக்டரிப் பெயர் ஒன்றுகூட இல்லை. மூன்று நாளாக அழித்து அழித்து நிறுவுகிறேன்.

பதில்: தம்பி, முதலில் அழிப்பதை நிறுத்து. முதல் நாளே சரியாக வந்திருக்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்எஸ்டி முழுப் பட்டியலை ஒப்பிக்காது, அதன் இயல்பே அப்படி. ஆயிரக்கணக்கில் ஆள் இருக்கிற இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒப்பித்தால் சர்வர் தாங்காது. அதே கட்டளைக்குப் பின்னால் ஒரு பெயரைச் சேர்த்துக் கேள். அந்த ஒரு வரி வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால் மட்டும் எஸ்எஸ்எஸ்டியை நிறுத்தி, சேமிப்பைத் துடைத்துவிட்டு மறுபடி எழுப்பிப் பார். ஒட்டுமொத்த நிறுவலில் கை வைக்காதே.

கேள்வி: 389 என்ன கணக்கு?

பதில்: போர்ட் எண்தான். எல்டேப் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, முதல் வரையறை 1993-ல் வந்தது. அதற்கு முன்பிருந்த எக்ஸ்.500 என்ற முறை அந்தக் காலத்து மேசைக் கணினிகளுக்கு ரொம்பக் கனம், அதை இளைக்கவைத்ததால் பெயரிலேயே ‘லைட்வெயிட்’ என்று ஒட்டிக்கொண்டது. இந்த சர்வர் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் சரக்கு. ரெட் ஹாட் அதை 2004-ல், நெட்ஸ்கேப்பை விழுங்கியிருந்த ஏஓஎல்லிடமிருந்து வாங்கி, 2005-ல் ஃபெடோரா டைரக்டரி சர்வர் என்று திறந்துவிட்டது. ஃபெடோராவுக்கு மட்டும்தானோ என்று எல்லாரும் நினைத்ததால் 2009-ல் போர்ட் எண்ணையே பெயராக்கினார்கள். இதே வேலைக்கு அதற்கும் முன்னால் சன் நிறுவனம் ‘யெல்லோ பேஜஸ்’ என்று ஒன்று வைத்திருந்தது. பிரிட்டிஷ் டெலிகாம் அந்தப் பெயர் தன்னுடையது என்றதும் என்ஐஎஸ் என்று மாற்றினார்கள். கட்டளைகளில் மட்டும் ஒய்பி என்ற பழைய முன்னெழுத்து இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: அரூரில் தட்டச்சு, கணினிப் பயிலகம் நடத்துகிறேன். 12 கணினிகளும் விண்டோஸ். இந்த சர்வர் எங்களுக்கு ஆகுமா?

பதில்: நேரடியாக ஆகாதுங்க. விண்டோஸ் நுழைவுத் திரை எல்டேப் சர்வரிடம் கேட்காது. மைக்ரோசாஃப்டின் சொந்த டைரக்டரி சர்வரான ஆக்டிவ் டைரக்டரியிடம்தான் கேட்கும். அதையே லினக்ஸில் செய்ய சாம்பா இருக்கிறது, 2012 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து ஆக்டிவ் டைரக்டரி கட்டுப்பாட்டு சர்வராகவே நிற்கிறது. ஆனால் முதலில் உங்கள் விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ஹோம் பதிப்பு டொமைனில் சேராது. 12 கணினிக்கும் ப்ரோ வாங்குகிற காசைக் கணக்கிட்டால், கரும்பலகையில் பேட்ச் வாரியாகப் பெயர் எழுதிப்போடுவதே லாபம் என்று தோன்றலாம்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் மொத்தக் கடை. சர்வர் ஒன்றே ஒன்று என்றால், அது படுத்துவிட்டால் கடையே படுத்துவிடாதா?

பதில்: படுத்துவிடும். நான் படுக்க வைத்திருக்கிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்கு இதே ஏற்பாடு செய்து கொடுத்தேன். ஜூன் மாதம், சீசன் உச்சம். ராத்திரி பதினொரு மணிக்கு போன். கரண்ட் போய் வந்ததில் யுபிஎஸ் கைவிட, சர்வருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி புகைந்துவிட்டது. எடைமேடைக் கணினியை அணைத்துப் போட்ட கிளார்க்கால் திரும்ப உள்ளே போக முடியவில்லை. என் தம்பி பைக்கில் கொண்டுபோய் விட்டபோது ஆலை வாசலில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் சாலை வரை நின்றன. வெயிலில் பறித்த காய், தார்ப்பாய்க்கு அடியில் சூடேறிக்கொண்டிருந்தது. ஒரு விவசாயி என்னிடம், ‘ஏம்மா, காய் எடை போட்றதுக்கு எதுக்கு அது யாருன்னு கேக்குது?’ என்றார். எனக்குச் சொல்லப் பதில் இல்லை. கிளார்க் கார்பன் பேப்பர் வைத்துக் கையால் எடைச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

பிழை என்னுடையதுதான். எஸ்எஸ்எஸ்டி கோப்பில் ‘கேச்_கிரெடென்ஷியல்ஸ் = ட்ரூ’ என்று ஒரு வரி போட்டிருந்தால், சர்வர் இல்லாமலே அந்தக் கணினி கடைசியாக ஒப்புக்கொண்ட கடவுச்சொல்லை நினைவில் வைத்து உள்ளே விட்டிருக்கும். கேட்காமல் அது அப்படிச் செய்யாது, நானும் கேட்கவில்லை. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த ஆள் அந்தக் கணினியில் முன்பு ஒரு முறையாவது நுழைந்திருக்க வேண்டும். அதனால் ராத்திரி ஷிப்டுக்கு வருகிறவரைப் பகலிலேயே ஒரு தடவை நுழையச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு கணினியிலும் டைரக்டரியில் இல்லாத ஒரு உள்ளூர் நிர்வாகப் பெயர் கட்டாயம் இருக்கட்டும். எல்லாப் பெயரையும் சர்வருக்கு மாற்றிவிட்டால் சர்வரைச் சரிசெய்ய நுழைவதற்கே ஆள் இருக்காது. காசு இருந்தால் இரண்டாவது சர்வர் வைத்து ரெப்ளிகேஷன் போடலாம், முதலாவதில் இருப்பது அதிலும் தானாக நகலாகும். இல்லாவிட்டால் வாரம் ஒரு முறை டைரக்டரியை எல்டிஃப் கோப்பாக எடுத்து பென்டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள். கடைக்குள்ளேயே வைக்காதீர்கள்.

கேள்வி: பென்னாகரம் அருகே எங்கள் பள்ளி. கோடை விடுமுறையில் டைரக்டரி சர்வர் போட்டோம். திறந்த அன்று எல்லாக் கணினியும் வேலை செய்ய, ஒன்று மட்டும் எந்தப் பிள்ளையையும் உள்ளே விடவில்லை. கடவுச்சொல் சரி, கம்பி சரி, அமைப்புக் கோப்பை அடுத்த கணினியிலிருந்தே நகலெடுத்தோம். ஆய்வகத்தில் இணையம் இல்லை.

பதில்: அந்தக் கணினியில் இன்று என்ன தேதி?

ஊத்தங்கரைப் பக்கம் இதே மாதிரி ஒன்றோடு ஒரு மதியம் முழுக்க மல்லுக்கட்டினேன். பிழைப் பதிவேடு, சான்றிதழ், கேபிள் எல்லாம் பார்த்தாயிற்று. பின்னால் நின்ற ஏழாவது படிக்கிற பையன்தான் கண்டுபிடித்தான். ‘மிஸ், இதுல மட்டும் இன்னும் ஏப்ரல்.’ திரையின் மேலே பார்த்தால் ஏப்ரல்தான். நாங்கள் இருந்தது ஜூனில்.

மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டுகிற பட்டன் செல் செத்துப்போயிருந்தது. விடுமுறையில் மின்சாரத்தை முழுக்க அணைத்துப் பூட்டிவிட்டார்கள். திரும்பப் போட்டதும் கணினி தான் கடைசியாக விழித்திருந்த நாளிலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டது. சர்வரின் சான்றிதழை நான் உருவாக்கியது மே மாதம். ஏப்ரலில் இருக்கிற கணினிக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ், நம்ப மறுத்தது. ஆனால் திரையில் அதைச் சொல்லாமல் கடவுச்சொல் தவறு என்கிற மாதிரி உதறிவிட்டது.

இணையம் இல்லாததால் தேதி தானாகத் திருந்தாது. சர்வரிலேயே குரோனி என்ற நேரம் காட்டும் நிரலை ஓடவிட்டு, உள் வலைக்கு அனுமதி கொடுத்து, மற்ற கணினிகளை அதனிடம் நேரம் கேட்கச் சொல்லுங்கள். இணையம் இல்லாமலும் நேரம் சொல்ல குரோனி கோப்பில் ‘லோக்கல்’ என்று தொடங்கும் வரியைச் சேர்க்க வேண்டும். செல்லையும் மாற்றுங்கள். சிஆர்2032, மூன்று வோல்ட், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கிளிப்பை நகத்தால் மெல்ல ஒதுக்கினால் செல் தானே துள்ளிக்கொண்டு வரும். கூட்டல் குறி மேலே பார்க்க வையுங்கள்.